சக்கரமும் சந்தையும்: ஹார்டியின் நாவலில் அதிர்ஷ்டத்தின் நிலையாமை

ஆங்கில இலக்கியத்தில் நெடிது வழங்கிவரும் அதிர்ஷ்ட தேவதையின் சக்கரம் என்னும் கருத்தினை எமது ஊழ்க் கோட்பாட்டோடு ஒன்றாக்கிப் பேசுதல் பொருந்தாது. ஊழ் முன்வினைப் பயன். அச்சக்கரமோ வினை நோக்காது சுழல்வது. மத்தியகாலத்தில் அதிலேறி வீழ்ந்தோர் பெரும்பாலும் மன்னரும் பிரபுக்களுமே. சோசரின் 'கன்ரபரிக் கதைக'ளிலே துறவி அடுக்கிக் கூறும் வீழ்ச்சிகள் இதற்குச் சான்று. நிலமானிய அமைப்பில் உழுபவன் வீழ்வதற்கு உயரமே இருக்கவில்லை. வணிக முதலாளித்துவம் வலுப்பெற்ற பின்னர் நிலைமை மாறிற்று. 1722இல் வெளிவந்த டீபோவின் 'மோல் பிளாண்டர்ஸ்' நாவலின் நாயகி தன் ஏற்றத்தாழ்வுகளைப் பவுண் கணக்கிலேயே சொல்கிறாள்.

இம்மாற்றத்தின் ஆழத்தை அறிவதற்குத் தோமஸ் ஹார்டியின் 'காஸ்டர்பிரிட்ஜ் மேயர்' (1886) சிறந்த எடுத்துக்காட்டாகும். வைக்கோல் கட்டும் கூலியாளான ஹெஞ்சார்ட் சந்தையொன்றிலே குடிவெறியில் மனைவியை ஐந்து கினிக்கு விற்கிறான். பின்னர் தானிய வணிகனாகி மேயராகவும் உயர்கிறான். அறுவடை மழையாற் கெடும் என்ற ஆரூடத்தை நம்பித் தானியத்தை வாங்கிக் குவிக்கிறான். வெயிலெறிக்கிறது, விலை சரிகிறது, நட்டத்திற்கு விற்றுத் தீர்க்கிறான். அறுவடை தொடங்கியதும் மழை வருகிறது.

இதனை விதியின் கேலியெனக் கொண்டு ஹார்டியை விதிவாதியென முத்திரை குத்துவோர் பலர். ஆனால், தானியச் சட்டங்கள் 1846இல் நீக்கப்படுவதற்குச் சற்று முன்னிருந்த அறுவடை நிச்சயமின்மையைத் தமது கதையின் அடிப்படைகளுள் ஒன்றாக ஹார்டியே முன்னுரையிற் குறிப்பிடுகிறார். நிலவுடைமையாளரின் நலன்பேண, 1815 முதல் இறக்குமதித் தானியத்தைக் கட்டுப்படுத்திய சட்டங்கள் அவை. உள்ளூர் வானமே விலையைத் தீர்மானித்தமைக்கு வானம் பொறுப்பன்று. அதே மழையில் பார்பிரே இலாபமடைகிறான். ஹெஞ்சார்டின் வாய்ப்பேச்சு வணிகத்தின் இடத்திலே கணக்கேட்டைக் கொண்டுவந்து வைத்தவன் அவன்.

யாவற்றையும் சந்தையால் விளக்கிவிடலாமென நாம் வாதிடவில்லை. மனைவி விற்பனையை நேரிற் கண்ட கஞ்சிக்காரி ஆண்டுகள் பல கழிந்து, நீதிபதியாய் அமர்ந்திருக்கும் ஹெஞ்சார்டின் முன்னே குற்றஞ்சாட்டப்பட்டவளாக வந்து நிற்பது தற்செயலே. அதற்கும் பொருளாதாரக் காரணம் தேடுவது வரட்டு மார்க்சியமாகும்.

எமது கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பவன் ஏபல் விற்றில் என்னும் தொழிலாளி. ஹெஞ்சார்டின் பெயர் அழிக்கப்பட்ட இடத்திலே பார்பிரேயின் பெயர் எழுதப்படுகிறது; முன்னைய உரிமையாளன் அங்கேயே நாட்கூலியாகிறான். சக்கரம் முழுதாய்ச் சுழன்றுவிட்டது. விற்றிலுக்கோ வாரக்கூலியில் ஒரு சிலிங் குறைந்தது, வேலையும் கூடிற்று. அச்சமில்லாமையால் இதுவே மேல் என்கிறான். வணிகத்தோடு தொழிலாளராகிய தம்மையும் பார்பிரே வாங்கிவிட்டதாக அவன் கூறுமிடத்து, முதலத்தியாயத்து மனைவி விற்பனை நினைவுக்கு வராமற் போகாது. குடிசையொன்றில் யாருமற்றுச் சாகும் ஹெஞ்சார்டைப் பேணுபவனும் அவனே. தன் தாய்க்கு ஹெஞ்சார்ட் செய்த உதவியை அவன் மறக்கவில்லை. இறந்தவனின் மரண சாசனத்தை அவனே எடுத்துவந்து கொடுக்கிறான். அதனை வாசிக்க அவனுக்குத் தெரியாது.