தெளிவு எத்தளத்தில்?

எண்ணூர் முகத்துவாரத்தைக் காட்டும் நிழற்படங்கள் அண்மை ஆண்டுகளில் பல வெளிவந்துள்ளன. 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கழிமுகத்துள் புகுந்தபோதும் எடுக்கப்பட்டவை அவற்றுள் உண்டு. அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. முன்னே வலை துலங்கும். பின்னே அனல்மின் நிலையப் புகைபோக்கி மங்கிய நிழலாய் நிற்கும். அல்லது புகைபோக்கி துலங்க, மீனவர் முகமற்ற கரிய உருவமாவார். டில்ட்-ஷிஃப்ட் எனப்படும் சாய்வு லென்ஸ் இருந்தால் அருகும் தொலைவும் ஒருசேரத் தெளிவாகிவிடும் என்று சிலர் கூறுகின்றனர். இக்கூற்று பாதி உண்மையே என்பது நம் கருத்து.

சாதாரண லென்ஸில் தெளிவின் தளம் கேமராவுக்கு எதிரே சுவர்போல் நிற்கும். விலகிச் செல்லும் பொருள், கழிமுகத்தை ஒட்டி நீளும் சாம்பல் குழாய் போன்றது, அச்சுவரை ஓரிடத்தில்தான் ஊடுருவும், எஞ்சியது மங்கும். துவாரத்தைச் சுருக்கலாம், ஆனால் ஒளி குறையும், ஓரளவுக்கு மேல் கூர்மையும் குலையும். லென்ஸைச் சாய்த்தாலோ அச்சுவரே சாய்ந்துவிடுகிறது. லென்ஸின் தளம், படத்தின் தளம், தெளிவின் தளம் மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்கும் என்பது விதி. 1904இல் காப்புரிமை பெற்ற ஆஸ்திரியப் படை அதிகாரி ஷைம்ப்ஃப்ளுக்கின் பெயரால் அது வழங்கினாலும், பிரான்ஸின் கார்ப்பந்தியே அவருக்கு முந்தியவர்.

ஆனால் சாய்ந்த தளம் பாய் விரித்தாற்போல் நிலத்தோடு கிடக்கிறது. தெளிவு அதன்மேல் ஆப்பு வடிவில் அமைகிறது: கேமராவின் அருகே மெலிந்தும், தொலைவில் அகன்றும். எனவே காலடிக் கயிறும் தூரத்துப் புகைபோக்கியும் துலங்கும்; அருகே நிற்கும் மீனவரின் கால் துலங்கி முகம் மங்கும்! லென்ஸைப் பக்கவாட்டில் திருப்பினால் காசிமேட்டுப் படகு வரிசை முழுதும் தெளியும். வரிசைக்கு அப்பால் நிற்பவர் விடுபடுவார். யாரை விடுவது என்பதை லென்ஸ் தீர்மானிப்பதில்லை.

ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம், ‘கிதாபுல் மனாஸிர்’ நூலின் மூன்றாம் பகுதியைப் பார்வைப் பிழைகளுக்கே ஒதுக்கினார். தொலைவு அளவு கடந்தால் பிழை நேரும் என்பதோடு, பிரித்தறிதலும் (தம்யீஸ்) ஒப்பிட்டறிதலும் (கியாஸ்) சேர்ந்தாலன்றிக் காட்சி அறிவாகாது என்றும் விளக்கினார். ஃபிக்ஹில் பழகிய கியாஸ் என்னும் சொல்லை ஒளியியலில் சந்திப்பது நம் மாணவர்க்கு வியப்பளிக்கும்.

இதே லென்ஸைத் தலைகீழாகவும் ஆளலாம். இத்தாலியரான ஒலிவோ பார்பியெரி 2003 முதல் ஹெலிகாப்டரிலிருந்து ரோம் முதலிய நகரங்களைப் பொம்மை நகரங்களாகக் காட்டினார். கொலோசியத்துக்கு அது பொருந்தலாம். இராயபுரத்து வீடுகளை அவ்வாறு காட்டினால் நம்மால் இரசிக்க இயலாது.

நாம் காண விரும்பும் படம் வேறு. சில அடிகள் தள்ளி அமர்ந்து வலை பின்னுவோரின் முகங்களின் வழியே தளம் மெல்ல உயர்ந்து செல்லட்டும். சற்றே உயரும் அத்தளம் தொலைவிலுள்ள புகைபோக்கியின் உச்சியையும் தொட்டுவிடும். அதற்குக் கேமராவை மணல்மட்டத்துக்கு அருகில் இறக்க வேண்டும். நாம் பார்த்த படங்களில் பெரும்பாலானவை நின்றபடி எடுக்கப்பட்டவை.