சிவப்பு லைட் எரிந்தால் யாரைக் கேட்பது?

சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையிலான கடலடி கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர், செலவு ஏறக்குறைய 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேரோடு நிற்காமல் ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கட், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை போனது. 2018 டிசம்பர் 30இல் அடிக்கல் நாட்டப்பட்டு, இரண்டு வருடம் முடிவதற்குள் பிஎஸ்என்எல் இதை முடித்துக் காட்டியது. அந்த வேலையில் குறை காண நான் வரவில்லை. வீட்டுச் சுவரில் மாட்டிய ரூட்டர் பெட்டியிலிருந்து கையில் இருக்கும் போன் வரைக்கும் பத்துப் பதினைந்து அடி இருக்குமே, அதைப் பற்றித்தான் கேள்வி. அந்தப் பதினைந்து அடியைப் புரிந்துகொள்ளும் அறிவை மக்களுக்கு யார் கொடுத்தார்கள்? கொடுத்தது தேறுமா?

நெட் போனால் ஆளைக் கூப்பிட்டால் போதாதா, இதையெல்லாம் வீட்டுக்காரர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மதுரையிலோ சேலத்திலோ இருப்பவர் கேட்கலாம். அங்கே அது நியாயமான கேள்வி. கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தை ஒட்டி, இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்துக்கும், லிட்டில் அந்தமானின் ஹட்பேயில் கடை வைத்திருப்பவருக்கும் அது பொருந்தாது. கப்பல் வரும் நாளில்தான் உதிரிப்பாகம் வரும். கடல் கொந்தளித்தால் அந்தக் கப்பலும் தள்ளிப்போகும். பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் ஒன்று செத்துப்போனால்கூட, செத்தது அடாப்டர்தான் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடுவே ஒரு வாரம் போய்விடலாம். தீவில் இந்த அறிவு பொழுதுபோக்குக்காகக் கற்பது இல்லை.

தீவுவாசிகளிடம் ஏற்கெனவே ஓர் அறிவு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கேபிளுக்கு முன்னால் எல்லாம் செயற்கைக்கோள் வழியாகத்தான். 36,000 கிலோமீட்டர் மேலே போய்த் திரும்ப வேண்டிய சமிக்ஞை. ஒரு கேள்வி கேட்டுப் பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகும். அலைவரிசையும் குறைவு, பங்குபோடும் ஆட்களோ அதிகம். அதனால் ‘ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் டவுன்லோடு போடு’, ‘மழை வந்தால் விட்டுவிடு’, ‘நெட் போனால் தானாக வரும், காத்திரு’ என்று மக்கள் தங்களுக்குள்ளேயே பகிர்ந்துகொண்டார்கள். அன்றைக்கு அது சரியான அறிவுதான். இன்று கண்ணாடி இழை வழியே சென்னைக்குப் போய்த் திரும்ப ஒளிக்கு ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்குகூட ஆகாது. மழைக்கும் இழைக்கும் சம்பந்தமில்லை. மழையில் நெட் போகிறது என்றால் பெரும்பாலும் கரண்ட் போயிருக்கும், அல்லது எங்கோ மரக்கிளை விழுந்து ஒயர் அறுந்திருக்கும். முதலாவதற்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கி வைத்தால் தீர்ந்தது. இரண்டாவதற்குப் புகார் கொடுக்க வேண்டும், காத்திருந்தால் வராது. பழைய அறிவு இன்னும் புழக்கத்தில் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்லப்படுகிறது: ‘தானா வரும், விடு.’

மக்களுக்கு டிஜிட்டல் அறிவு தருவதற்கென்று அரசு ஒரு திட்டமே வைத்திருந்தது. பிரதமரின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம் 2017 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்று 2024 மார்ச் 31இல் முடிந்தது. ஒதுக்கீடு 2,351.38 கோடி ரூபாய். ஆறு கோடிப் பேருக்குப் பயிற்சி என்று இலக்கு, 6.39 கோடிப் பேர் பயின்றதாக அரசுக் கணக்கு. எண்ணிக்கையில் இலக்கைத் தாண்டிய திட்டம். பாடம் இந்திய மொழிகளில் இருந்தது, கட்டணம் கிடையாது, வீட்டுக்கு ஒருவர், இருபது மணி நேரம். போனைத் திறப்பது, இணையத்தில் தேடுவது, மின்னஞ்சல், அரசு சேவைகள், பணப் பரிமாற்றம் என்று பாடத்திட்டம். முதன்முதலாகத் திரையைத் தொடும் ஒருவருக்கு இது உருப்படியான தொடக்கம். நான் மறுக்கவில்லை.

ஆனால் இந்தப் பாடம் முழுக்க எல்லாம் ஒழுங்காக ஓடும் ஓர் உலகத்தைப் பற்றியது. பட்டனை அழுத்தினால் பக்கம் திறக்கும் என்று சொல்லித்தந்தது. திறக்காவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது, பிறகு எதைப் பார்ப்பது என்று சொல்லித்தரவில்லை. அந்தமானில் ஒரு குடும்பத்துக்குத் தேவைப்படும் இருபது மணி நேரத்தில் பாதியாவது அதற்குத்தான் போயிருக்க வேண்டும். இன்னொன்று, வயது வரம்பு 14 முதல் 60 வரை. ஓய்வூதியம் வாங்கும் பெரியவர் ஆண்டுதோறும் ஜீவன் பிரமாண் மூலம் உயிர்ச்சான்று கொடுக்கலாம் என்று 2014 முதல் வசதி இருக்கிறது. 2021இலிருந்து முகத்தைக் காட்டினாலே போதும். அந்த வசதி யாருக்கு அதிகம் தேவையோ, அவரைத்தான் வகுப்பறை வாசலிலேயே நிறுத்தியது இந்த விதி. பயிற்சி மையத்துக்குப் பணமும் தேர்ச்சி பெற்ற தலைக்கு 300 ரூபாய் என்று வந்தது. சான்றிதழைத்தான் எண்ணுவார்கள் என்றால் மையம் சான்றிதழைத்தான் உற்பத்தி செய்யும். மையம் நடத்தியவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை, கணக்கே அப்படிப் போடப்பட்டது.

அரசு விட்ட இடத்தை நிரப்புவது கடைப் பையன்கள். போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரிலோ ஜங்கிலிகாட்டிலோ போன் ரிப்பேர் கடையில் நிற்கும் பையனிடம்தான் உண்மையான பாடசாலை நடக்கிறது. தமிழும் இந்தியும் கலந்து, ஊர்ப் பேச்சில், கேட்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்லித்தருகிறான். ‘அக்கா, ரூட்டரை பீரோவுக்குப் பின்னால வைக்காதீங்க. இரும்பு அலையை விடாது’ என்கிறான். எந்தப் பாடநூலிலும் இல்லாத உப்புக்காற்று அவனுக்குத் தெரியும். லேன் ஒயரின் செம்பு ஊசிகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்று முதலில் அதைத்தான் கழற்றிப் பார்ப்பான். இந்த இடத்தறிவுக்கு ஈடு கிடையாது.

அவனிடம் இருக்கும் குறையும் சின்னதில்லை. எதற்கெடுத்தாலும் குண்டூசி எடுத்து ரீசெட் ஓட்டையில் குத்துவது அதில் முதலாவது. யூடியூபில் தமிழில் வரும் பல வீடியோக்களும் இதையேதான் சொல்கின்றன. அணைத்துப் போட்டால் பெட்டி தன் நினைவை இழக்காது. அந்த ஓட்டையில் பத்து நொடி குத்தினால் இணைப்பின் பயனர் பெயர், பாஸ்வேர்டு உட்பட எல்லாமே அழிந்து தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போகலாம். அரைகுறையாக ஓடிய நெட் அதோடு முழுசாக நின்றுவிடும். பிறகு நிறுவனத்து ஆள் வந்தாக வேண்டும். அடுத்த குறை, அவன் காரணம் சொல்வதில்லை. சரிசெய்து கொடுத்துவிடுகிறான், அடுத்த மாதம் அதே கோளாறுக்கு அதே அக்கா மறுபடி வருகிறார். பிழைப்பு அப்படி, அவனைத் திட்ட முடியாது. மூன்றாவது இன்னும் மோசம்: வை-ஃபை பாஸ்வேர்டு வீட்டுக்காரரின் போன் நம்பர், பெட்டியின் நிர்வாகி பாஸ்வேர்டு வாங்கியபோது இருந்தது, போனின் பேட்டர்ன் கடைக்கே தெரியும். உதவி கேட்டால் போனைத் திறந்து நீட்ட வேண்டும் என்று பழகிய ஒருவரிடம், யாரோ தெரியாதவன் ‘எனிடெஸ்க் போடுங்க, நான் பார்த்துத் தர்றேன்’ என்றால் தயங்காமல் போடுவார்; தூரத்திலிருந்தே போனை அவன் கையில் கொடுத்துவிடும் செயலி அது. பணம் போன பிறகு சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிட வேண்டும் என்பதையாவது இந்தப் பாடசாலை சொல்லித்தருகிறதா என்றால், பெரும்பாலும் இல்லை.

மூன்றாவதாக ஒரு மரபும் நம்மிடம் உண்டு. 2012 முதல் ‘கணியம்’ குழுவினர் லினக்ஸ், தரவுதளம், நிரலாக்கம் எல்லாவற்றையும் எளிய தமிழில் எழுதி, யாரும் நகலெடுத்துப் பகிரலாம் என்று திறந்துவிட்டார்கள். தமிழில் தொழில்நுட்பம் எழுத வராது என்ற சாக்கை ஒழித்தது அந்த உழைப்பு. காரணத்தோடு விளக்குவது அதன் பலம். கணினி படிக்க ஆசைப்படும் மாணவரைத் தாண்டிச் சமையலறைக்கு வராதது அதன் எல்லை. சிவப்பு லைட் எரியும்போது போர்ட் பிளேரின் பாத்துபஸ்தியில் இருக்கும் ஒரு குடும்பத் தலைவி தேடிப் படிக்கும் எழுத்து அது இல்லை. அதற்காக எழுதப்பட்டதும் இல்லை.

சாதாரண ஆட்களுக்கு நெட்வொர்க் ஏறாது என்பார்கள். ஏறும் என்பதற்குச் சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தில் நெசவுக்குப் பேர்போன சந்தேரியில் 2010 முதல் டிஜிட்டல் எம்பவர்மென்ட் ஃபவுண்டேஷன், இன்டர்நெட் சொசைட்டியோடு சேர்ந்து கம்பியில்லா வலையமைப்பு அமைத்து, உள்ளூர் இளைஞர்களையே பழுதுபார்க்கப் பயிற்றுவித்தது. பொறியியல் பட்டம் யாரும் கேட்கவில்லை. நம் புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுத்தந்தது. சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் அதே ஊர்க்காரர்கள். ‘மக்களுக்குப் புரியாது’ என்ற வாதம் அப்போதே தோற்றுப்போன வாதம்.

‘தெரிந்தவுடன் கையை வைத்துக் கெடுத்துவிடுவார்கள்’ என்ற வாதத்தை அப்படித் தள்ள முடியாது. ஃபைபர் ஒயரை லேன் ஒயர் மாதிரி மடித்துக் கட்டினால் ஒளி கசியும், முனையைக் கழற்றித் துணியால் துடைத்தால் கீறல் விழும், கண்ணுக்கு நேரே வைத்துப் பார்ப்பது ஆபத்து. ஆகவே எதைத் தொடக்கூடாது என்பதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும். இதற்குப் பயந்து ஒன்றுமே சொல்லாமல் விடுவதால்தான் குண்டூசி வைத்தியம் நடக்கிறது.

அரசுத் திட்டம், கடைப் பையன், கணியம் மூன்றையும் தராசில் வைத்தால் என் தீர்ப்பு இது. உள்ளடக்கத்தில் கடைப் பையன் அரசுத் திட்டத்தை வென்றுவிடுகிறான். பாதுகாப்பில் இருவருமே தோற்கிறார்கள். காரணம் சொல்வதில் கணியம் மாதிரியான எழுத்து மட்டுமே தேறுகிறது. அடுத்து ஒரு திட்டம் வந்தால் இருபது மணி நேர வகுப்பு வேண்டாம். இணைப்புக் கொடுக்க வரும் ஆளுக்குக் கால் மணி நேரம் கூடுதலாகக் கொடுத்து, அதற்குக் கூலியும் கொடுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவரையும் சேர்த்து நிற்கவைத்து அந்த ஆள் காட்ட வேண்டியது கொஞ்சம்தான். எந்த லைட்டும் எரியாவிட்டால் கரண்ட் அல்லது அடாப்டர். பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) என்ற லைட் சிவப்பாக மின்னினால் இழைக் கோளாறு, புகார் கொடுக்கணும். பான் (PON) லைட் அசையாமல் பச்சையாக நின்றும் நெட் இல்லையென்றால் ரீசார்ஜ் முடிந்ததா, கணக்கு விவரம் சரியா என்று பார்க்கணும். ஒரு போனில் வந்து இன்னொன்றில் வரவில்லை என்றால் பெட்டிமேல் பழி போடாதே. இதைத் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் ஒரே தாளில் அச்சடித்து உப்புக்காற்றுக்குத் தாங்கும்படி லேமினேட் செய்து ஒட்டிவிட்டுப் போகட்டும். 2011 கணக்கெடுப்பில் தீவின் மக்களில் நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேருக்குத் தமிழ்தான் தாய்மொழி. தமிழில் ஒரு தாள் கேட்பது சலுகை கேட்பதாகாது. கடைப் பையன்களைப் போட்டியாகப் பார்க்காமல் பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ ஒரு வாரம் உட்காரவைத்து ரகசியம் காப்பதையும் காரணம் சொல்வதையும் கற்றுக்கொடுத்தால் மிச்சத்தை அவர்களே செய்துவிடுவார்கள். சான்றிதழை எண்ணுவதை விட்டுவிட்டு, ஆள் வராமலே வீட்டில் தீர்ந்த கோளாறுகளை எண்ணுங்கள்.

அதுவரை, இதைப் படிப்பவர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் இணைப்பின் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்கி ஒரு தாளில் எழுதுங்கள். பெட்டிமேல் ஒட்டாதீர்கள், ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள்.