வாங்குபவரைக் கட்டாத முத்திரை

2024 டிசம்பரில் டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டிய கொக்கோ விலை, ஓராண்டுக்குள் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. உடனே பழைய வாதமும் திரும்பி வந்துவிட்டது: சந்தையை நம்பி விவசாயி பிழைக்க முடியாது, நியாய வணிக முத்திரை தரும் குறைந்தபட்ச விலைதான் அவருக்குப் பிடிமானம், ஆகவே முத்திரை பார்த்துச் சாக்லேட் வாங்குங்கள். சந்தையைப் பற்றிச் சொல்வது சரி. முத்திரையைப் பற்றிச் சொல்வதைப் பல ஆண்டுகளாகவே என்னால் ஏற்க முடியவில்லை.

முத்திரையால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கானாவில் 1993இல் தொடங்கிய குவாபா கொக்கூ கூட்டுறவு, முத்திரையால் வந்த பணத்தைக் கொண்டு ஊர்களில் கிணறு வெட்டியது, பள்ளிக்கூடம் கட்டியது. 2017 ஏப்ரலில் ஐவரி கோஸ்ட் அரசு கொள்முதல் விலையைக் கிலோவுக்கு 1,100 பிராங்கிலிருந்து 700 பிராங்காக ஒரேயடியாகக் குறைத்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஏற்றுமதி விலை குறைந்தபட்ச விலைக்குக் கீழே போனால், வித்தியாசத்தை வாங்குபவர் விவசாயிகளின் சங்கத்துக்குக் கொடுத்தாக வேண்டும். நல்ல விதி. ஆனால் முத்திரையின்கீழ் விற்ற சரக்குக்கு மட்டுமே அந்த விதி செல்லும். என் ஆட்சேபம் முழுவதும் அந்த இடத்தில்தான்.

விவசாயி என்ன செய்கிறார் என்று பாருங்கள். காயை அரிவாளால் உடைத்து, விதையைச் சதையோடு வழித்து, வாழையிலை போட்டு மூடி ஆறேழு நாள் புளிக்க வைக்கிறார். பிறகு பாயில் பரப்பி, மழை வந்தால் ஓடிப்போய்ச் சுருட்டி, வெயில் வந்தால் விரித்துக் காயவைக்கிறார். இது எல்லாக் கொக்கோ விவசாயியும் செய்வது. முத்திரைக்காக இன்னும் இருக்கிறது: தடைசெய்த பூச்சிமருந்து தொடக் கூடாது, புதிதாகக் காட்டை அழிக்கக் கூடாது, பிள்ளைகளை ஆபத்தான வேலைக்கு விடக் கூடாது, கணக்கு வைக்க வேண்டும், தணிக்கைக்கு நிற்க வேண்டும். தணிக்கைக் கட்டணத்தையும் அவருடைய சங்கமே கட்டுகிறது. இத்தனையும் அவருடைய முழு விளைச்சலுக்கும் பொருந்தும்.

வாங்குபவருக்கு உள்ள கடமை என்ன? ஒப்பந்தம் போட்டால் உரிய விலையும், அதற்கு மேல் சங்கத்துக்குக் கூடுதல் தொகையும் தர வேண்டும். ஒப்பந்தம் போட்டே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எத்தனை டன், எத்தனை வருடம் என்பதெல்லாம் அவர் விருப்பம். அவர் கேட்காத மூட்டைகள், அதே மரத்தில் காய்த்து அதே பாயில் காய்ந்தவை, சாதாரண விலைக்கு சாதாரணச் சரக்காகப் போய்விடும்.

பணமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2019 அக்டோபரில் குறைந்தபட்ச விலை டன்னுக்கு 2,400 டாலராகவும், கூடுதல் தொகை 240 டாலராகவும் ஆனது. இரண்டு ஹெக்டேர் வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு 450 கிலோ என்றால் ஆண்டுக்கு 900 கிலோ. அத்தனையும் முத்திரையின்கீழ் விற்றால் கூடுதல் தொகை 216 டாலர். பாதிதான் விற்றது என்றால் 108. ஒரு குடும்பம் முழுவதற்கும் நாளுக்கு 30 சென்ட். அதுவும் சங்கத்துக்குப் போய், சங்கச் செலவு கழிந்து மிஞ்சினால்தான். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கை வாரமாகப் பெற்றுத் தோட்டம் பார்ப்பவர் சங்க உறுப்பினராக இல்லாவிட்டால், அந்தத் தொகையை எப்படிச் செலவிடுவது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அவருக்கு ஓட்டும் கிடையாது.

2010இல் பிரிட்டனில் கிட்கேட் உறையில் முத்திரை ஏறியது. பத்தாண்டு கழித்து, 2020இல், நெஸ்லே அதைக் கைவிட்டு, குறைந்தபட்ச விலை என்ற ஏற்பாடே இல்லாத ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழுக்கு மாறியது. ஐவரி கோஸ்டில் சுமார் 27,000 விவசாயிகள் இதனால் பாதிக்கப்பட்டார்கள். முடிவை மாற்றும்படி அவர்களுடைய கூட்டுறவுகள் பகிரங்கக் கடிதம் எழுதிக் கேட்டன. பலிக்கவில்லை. கேட்பரி 2009இல் டெய்ரி மில்க்கில் முத்திரையை ஏற்றது. 2016இல் தன் சொந்தத் திட்டத்தை முன்னிறுத்தி விலகிக்கொண்டது. யாரும் எந்த விதியையும் மீறவில்லை. எனக்கு ஆத்திரம் வருவதே அதனால்தான். நடுவதிலிருந்து காய்ப்பதற்கு மூன்று நான்கு ஆண்டும், பிறகு இருபது முப்பது ஆண்டு உழைப்பும் கேட்கிற மரத்தை நம்பி ஒருவர் இருக்கிறார். எதிரில் இருப்பவர் அடுத்த பருவத்திலேயே எழுந்து போகலாம். இப்படிப்பட்ட ஏற்பாட்டை நியாயம் என்ற பெயரில் அழைப்பதை நான் எதிர்க்கிறேன்.

வாங்குபவர்களிடம் கடுமையாக நடந்துகொண்டால் கம்பெனிகள் முத்திரையையே விட்டுவிடும் என்கிறார்கள் ஆதரவாளர்கள். கடுமை காட்டாதபோதும் விட்டுத்தானே போனார்கள்? குடும்பம் கௌரவமாக வாழ எவ்வளவு விலை வேண்டும் என்று நியாய வணிக அமைப்பே கணக்கிட்டு அறிவித்திருக்கிறது. அது குறைந்தபட்ச விலையைவிட அதிகம். அந்த விலையைக் கொடுப்பதும் வாங்குபவரின் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது.

நெதர்லாந்தின் டோனிஸ் சோக்கோலோன்லி, கூட்டுறவுகளோடு குறைந்தது ஐந்தாண்டு உறவுக்கு உறுதி கொடுத்து, வாழ்க்கைக்குப் போதுமான விலைக்கான வித்தியாசத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது. அது பெரிய கம்பெனி அல்ல. அதன் கொக்கோவும் அதே கானா, ஐவரி கோஸ்ட் தோட்டங்களிலிருந்துதான் வருகிறது. இந்த இரண்டையும் உறையில் முத்திரை போட விரும்பும் எல்லாருக்கும் கட்டாய நிபந்தனையாக்க முடியும். விதிப்புத்தகம் நியாய வணிக அமைப்பின் கையில்தான் இருக்கிறது.