பிழைதிருத்தியும் உயர்ந்தோர் வழக்கும்

இலக்கணம் பார்க்கும் மென்பொருள் தப்புப் பண்ணுகிறது என்பது எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எந்த இடத்தில் தடுமாறுகிறது, எந்த இடத்தில் அசையாமல் நிற்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் அதன் அரசியல் தெரியும்.

முதலில் ஒற்று. 'வேலை கொடு' என்றால் பிழைக்க வழி கேட்கிறோம். 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையிலிருக்கும் வேலைக் கேட்கிறோம். முன்னதில் ஐ உருபு மறைந்து நிற்கிறது, வல்லினம் மிகாது. பின்னதில் 'வேல்' என்பதோடு உருபு வெளிப்பட்டு நிற்கிறது, மிகும். 'வேலை' என்ற எழுத்துவடிவம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். கேட்பவர் வேலையற்றவரா, பக்தரா என்று தெரிந்தால்தான் ஒற்றைப் பற்றி முடிவு செய்ய முடியும். சொற்பட்டியலையும் விதியையும் மட்டும் வைத்து ஓடுகிற எந்திரத்துக்கு அது எட்டாது. முன்பு எது அதிகம் வந்தது என்று கணக்கிடும் எந்திரமும் ஊகிக்கத்தான் செய்யும். ஆனால் ஊகம் என்று சொல்லிக்கொள்ளாமல் கோடு போட்டுவிடும். ஆர்ப்பாட்டத் தட்டியில் ஒரு 'க்' ஏறினால் கோரிக்கையே மாறிப்போகும். சரி, தமிழாசிரியர்களே சண்டை போட்டுக்கொள்கிற இடம் இது. மன்னித்துவிடலாம்.

அடுத்ததை அப்படி விட முடியாது. தென்மாவட்டப் பண்ணை ஒன்றைப் பற்றித் தோழர் ஒருவர் எழுதிய கதையை இணையத் திருத்தி ஒன்றில் ஓட்டிப் பார்த்தேன். முதலாளியைப் பற்றிக் கூலிக்காரர் 'அவுக வந்தாக' என்கிறார். சிவப்புக்கோடு. அறுபது வயதான அந்தக் கூலிக்காரரைப் பண்ணைவீட்டுப் பொடியன் 'அவன் வந்தான்' என்கிறான். கோடு இல்லை. எழுவாயும் பயனிலையும் பொருந்திவிட்டதே! ஆக, எந்திரத்தின் கணக்கில் மரியாதை பிழை. சாதித்திமிர் பிழையற்ற தமிழ்.

நிரல் எழுதியவரின் சாதியை நான் கிளறவில்லை. இத்தகைய திருத்திகள் பெரும்பாலும் அச்சுத்தமிழை அளவுகோலாக்கிச் செய்யப்படுகின்றன. அந்த அளவுகோல் யாருடையது என்பதே கேள்வி. மக்கள் வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்தே நூல் செய்யப்பட்டது என்கிறது தொல்காப்பியப் பாயிரம். அதே நூலின் மரபியலோ, வழக்கு என்பதே உயர்ந்தோருடையதுதான் என்று கதவைச் சாத்துகிறது. திருத்தி இந்தச் சாத்திய கதவை மட்டும் சுவீகரித்துக்கொண்டது.

கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி தந்தார். பாமா 1992இல் 'கருக்கு' நூலைத் தம் மக்களின் பேச்சிலேயே எழுதினார். இம்மாதிரி எழுத்தைக் கொச்சை என்கிற பண்டிதரிடம் எதிர்நின்று வாதாடலாம். கோட்டிடம் யார் வாதாடுவது? பண்டிதராவது எழுதி முடித்த பிரதியைத்தான் தீண்டினார். இது வாக்கியம் முடியும் முன்பே வந்து நிற்கிறது. குடும்பத்தில் முதன்முதலாக எழுத வருகிற பெண் ஒருத்தி, தன் அம்மாவின் பேச்சு பத்திக்குப் பத்தி சிவந்து கிடப்பதைப் பார்க்கிறாள். தானே அழித்துவிடுகிறாள். தணிக்கைக்குத் தனியாக ஆள் எதற்கு?

திருத்தியைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. தட்டச்சில் விட்ட எழுத்தைப் பிடிக்க அது உதவும். பிழையை ஒரு நிறத்திலும் சந்தேகத்தை இன்னொரு நிறத்திலும் காட்டு, எங்கள் சொற்களை நாங்களே சேர்க்க இடம் விடு என்று செய்பவர்களிடம் கேட்போம். அதுவரை 'அவுக வந்தாக' கோட்டோடவே அச்சுக்குப் போகட்டும்.