புறப்பாட்டுக்குச் சாட்சி, வரவுக்கு ஊகம்: இ-வே பில் முறை ஒரு மதிப்பீடு

2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்து, மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் அகற்றப்பட்ட பின், சரக்கின் நகர்வைக் கண்காணிக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஓர் ஆவணத்தைச் சார்ந்ததாயிற்று. இ-வே பில் எனப்படும் அந்த மின்னணு வழிச்சீட்டு, 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்கு மாநிலம் கடந்து செல்வதற்கு 2018 ஏப்ரல் 1 முதல் கட்டாயமானது.

இம்முறையின் முதன்மையான வலிமை அதன் ஒரே சீர்மை. முன்பு மாநிலத்துக்கு மாநிலம் படிவமும் நடைமுறையும் வேறுபட்டிருந்த நிலை மாறி, இன்று 12 இலக்க எண் ஒன்றைக் கொண்டே எந்த மாநில அலுவலரும் சரக்கின் விவரத்தை அறிய முடிகிறது. விற்பவர், வாங்குபவர், பட்டியல் எண், மதிப்பு, பொருளின் வகையைக் குறிக்கும் எச்.எஸ்.என். குறியீடு ஆகியவை பகுதி-ஏயிலும், வண்டி எண் பகுதி-பியிலும் இடம்பெறுகின்றன. ஆகவே வழியில் சரக்கு வேறு லாரிக்கு மாற்றப்பட்டால், பகுதி-பியை மட்டும் புதுப்பித்தால் போதும். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்னும் கணக்கில் சீட்டின் ஆயுள் அமைவதால், சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டெல்லிக்குப் 11 நாள் கிடைக்கிறது.

எனினும், புறப்பாட்டை இவ்வளவு நுட்பமாகப் பதியும் இவ்வாவணம், சரக்கு போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்வதில் தளர்ந்துவிடுகிறது. பெறுபவர் அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் ஏற்பையோ மறுப்பையோ தெரிவிக்காவிட்டால், அவர் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே விதி கொள்கிறது. சரக்கே நகராமல் பட்டியலும் சீட்டும் மட்டும் உருவாக்கி, கொள்முதலில் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவைப் போலியாகப் பெறுவோருக்கு இந்த ஊகம் துணையாகிறது. மறுபுறம், நேர்மையான வணிகர் சிறு எழுத்துப் பிழைக்காகவும் வண்டி தடுத்து வைக்கப்படும் இடருக்கு ஆளாயினர். வண்டி எண்ணில் ஓரிரு இலக்கம் மாறுவது போன்ற பிழைகளுக்கு மத்திய, மாநில வரிச் சட்டங்களின்கீழ் தலா 500 ரூபாய் அபராதம் போதும் என்று 2018 செப்டம்பரில் வெளியான சுற்றறிக்கை இக்குறையை ஓரளவு தணித்தது.

ஆகவே, குறை படிவத்தின் சீர்மையில் இல்லை. அறிவிக்கப்பட்டதையே நிகழ்ந்ததாகக் கொள்ளும் விதியில்தான் உள்ளது. பெறுபவரின் மௌனத்தை ஏற்பாகக் கொள்வதை விடுத்து, சரக்கு இறங்கியதற்கான அவரது வெளிப்படையான ஒப்புதலைக் கட்டாயமாக்கினால்தான் இ-வே பில் முழுமையான கண்காணிப்பு ஆவணமாகும்.