விருதுநகர்: 1,285 ஓட்டு

1967இல் காமராஜ் மட்டும் விருதுநகரில் ஜெயித்திருந்தால் என்று ஆரம்பிக்கும் வாக்கியம் தமிழில் நிறைய எழுதப்பட்டாகிவிட்டது. அதை யாரும் முடித்து நான் படித்ததில்லை. 'இருந்தால்' வரை வருகிறார்கள். பிறகு ஒரு பெருமூச்சு, மூன்று புள்ளிகள். இதைச் சரித்திரக் கற்பனை என்று சொல்ல முடியாது. இது ஒப்பாரி. ஒப்பாரியில் செத்தவனுக்குக் குறை கிடையாது, இருந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்ற கேள்வியும் கிடையாது.

கேள்வியைக் கேட்டுத்தான் பார்க்கலாமே. பெ. சீனிவாசன் 33,421, காமராஜ் 32,136. வித்தியாசம் 1,285. இந்த ஓட்டுகளை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டால் என்ன ஆகிறது? 234 பேர் கொண்ட சட்டசபையில் காமராஜ் எதிர்க்கட்சிப் பக்கம் உட்காருகிறார். அவ்வளவுதான். தி.மு.க.வின் 137 அப்படியே இருக்கிறது. அண்ணாதுரை முதலமைச்சராகிறார். 1969இல் காமராஜ் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து லோக்சபாவுக்குப் போக வேண்டியிருந்திருக்காது என்பது ஒரு சின்ன மாற்றம். நம் புலம்பலுக்கு இது போதாது.

அமெரிக்கர்களுக்கு இந்த விளையாட்டு சுலபம். அங்கே ஆட்சி என்பது ஒரு ஆள். 2000இல் ஃப்ளோரிடாவின் 537 ஓட்டு ஒரு ஜனாதிபதியைத் தீர்மானித்தது. ஆளை மாற்றினால் உலகம் மாறிவிட்டது என்று நாவலாசிரியன் நம்பவைக்க முடியும். ஃபிலிப் ராத், 2004இல் வந்த நாவலில், 1940 தேர்தலில் ரூஸ்வெல்ட்டைத் தோற்கடித்து லிண்ட்பர்க்கை உட்கார வைக்கிறார். ஒரு யூதக் குடும்பத்தின் சமையலறைக்குள் பயம் எப்படி அங்குலம் அங்குலமாக நுழைகிறது என்பதை ராத் எழுதியிருப்பது அசல் கலைஞனின் வேலை. ஆனால் முடிவில் அவருக்கே பயம் வந்துவிடுகிறது. லிண்ட்பர்க் காணாமல் போகிறார், ரூஸ்வெல்ட் திரும்புகிறார், பேர்ல் ஹார்பர் ஒரு வருஷம் தாமதமாக நடக்கிறது, சரித்திரம் பழைய தண்டவாளத்தில் ஏறிக்கொள்கிறது. ஃபிலிப் டிக் 1962இலேயே இதைவிடத் துணிந்தவர். ரூஸ்வெல்ட் 1933இல் கொலையுண்டு, அச்சு நாடுகள் யுத்தத்தில் ஜெயித்துவிட்ட உலகம் அவருடையது. அந்த உலகத்துக்குள் ஒருவன், நேச நாடுகள் ஜெயித்ததாக ஒரு நாவல் எழுதியிருக்கிறான். அந்த நாவலில் வரும் உலகமும் நம்முடையது அல்ல. எந்தக் கிளையில் போனாலும் நாம் வந்து சேர்ந்த இடத்துக்கு வர முடியவில்லை. டிக்கின் வசனம் பல இடங்களில் மட்டம்தான், இருந்தும் இந்த ஒரு காரியத்துக்காக அவரை மன்னிக்கலாம்.

நம் ஊரில் இதைச் சரியாகச் செய்கிறவர்கள் எழுத்தாளர்கள் இல்லை. மங்கலத்தில் தறி வைத்திருக்கிறவர்கள் பாங்க் கவுண்டர் முன்னால் நின்று பேசுவதை நான் தினமும் கேட்கிறேன். "போன மாசமே நூலெடுத்துப் போட்டிருந்தா" என்று ஒருவர் ஆரம்பித்தால் பக்கத்திலிருப்பவர் விடமாட்டார். எடுத்திருந்தால் அதற்கான பணத்துக்கு வட்டி என்ன, அந்தப் பணத்தை எங்கிருந்து எடுத்திருப்பாய், அதனால் எது நின்றுபோயிருக்கும், எல்லாம் கணக்காகிவிடும். நடக்காத ஒன்றுக்கும் வட்டி உண்டு என்பது அவர்களுக்குத் தெரிகிறது. நம் கட்டுரையாளர்கள் வட்டியைத் தள்ளுபடி செய்துவிட்டு அசலை மட்டும் நினைத்து அழுகிறார்கள்.

1967இன் உண்மையான முடிச்சு விருதுநகரில் இல்லை. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் வாங்கியது 41 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், தி.மு.க. அதற்குச் சற்றுக் கீழ். ஓட்டில் முந்திய கட்சி இடங்களில் நொறுங்கியதற்குக் கூட்டணி ஒரு பெரிய காரணம். அந்தக் கூட்டணியில் ராஜாஜி இருந்தார். 1965இன் மாணவர் கிளர்ச்சியும் அரிசிப் பஞ்சமும் தனிக் கதை. ராஜாஜி ஏன் அங்கே இருந்தார் என்று இழுத்துக்கொண்டே போனால் நூல் 1954க்குப் போகிறது, அங்கிருந்து 1952க்கு.

1952இல் சென்னை ராஜ்யத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. பிரகாசம் தலைமையில் கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைத்து 166 பேர் என்று உரிமை கோரினார்கள். கவர்னர் ஸ்ரீபிரகாசா அவர்களைக் கூப்பிடவில்லை. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து முதலமைச்சராக்கினார். காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். பெரும்பான்மை தயாரிக்கப்பட்டது. ஜனநாயகத்தின் மேல் ஆசையுள்ள எவனுக்கும் இது கசக்க வேண்டிய காரியம்.

இப்போது இதை மாற்றி எழுதுவோம். கவர்னர் பிரகாசத்தைக் கூப்பிடுகிறார். ராஜாஜி முதலமைச்சராகவில்லை. 1953இன் குலக்கல்வித் திட்டம் இல்லை. அதை எதிர்த்து எழுந்த கொந்தளிப்பு இல்லை. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகுவதும் காமராஜ் அந்த நாற்காலிக்கு வருவதும் இல்லை. அவர் கட்சித் தலைவராகவே கிழடு தட்டியிருக்கலாம். ஆந்திரா என்ன ஆகும்? பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருந்திருக்குமா? பட்டணம் யாருக்கு? 1967க்கு அழுகிறவர்கள் அழுகிற அந்தக் காமராஜே, 1952இல் ஒரு கவர்னர் செய்த அக்கிரமத்தின் வழியாகத்தான் வந்து சேர்ந்தார். அந்த அக்கிரமத்தை நீக்கிவிட்டு அவரை மட்டும் வைத்துக்கொள்ள எந்தக் கற்பனையாலும் முடியாது.

தமிழில் எழுதப்படாத நாவல் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குக் கதாநாயகன் தலைவனாக இருக்க முடியாது. 1952இல் ஜெயித்து வந்த 62 சுயேச்சைகளில் ஒருவன் போதும்: கடுக்கன் போட்ட, ரயிலில் இரண்டாம் முறையாகப் பட்டணம் வரும் ஒரு மனுஷன், எந்தப் பக்கம் போவது என்று ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடக்கிறவன்.

நமக்குத் துணிச்சல் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. புதுமைப்பித்தன் 'சாபவிமோசன'த்தில் அகலிகையை மறுபடி கல்லாக்கினார், ராமன் சீதைக்கு வைத்த சோதனையைக் கேட்டபிறகு. காவியத்தின் முடிவை மாற்றத் தயங்காத மொழி ஓட்டு எண்ணிக்கை முன்னால் கைகட்டி நிற்கிறது. காரணம் நமக்குள்ளேயே இருக்கிறது. இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களில் பாதிப் பேராவது, வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன ஒருவருக்குப் பிள்ளையாகவோ பேரனாகவோ இருப்பார்கள். காமராஜ் திறந்த பள்ளிக்கூடமாகவோ, 1956இல் தொடங்கிய மதிய உணவாகவோ அது இருக்கும். 1952ஐ மாற்றி எழுத உட்காருகிறவன், மூன்றாவது அத்தியாயத்துக்குள் தன் தகப்பனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதா தறிக்குழியில் இறக்குவதா என்று தீர்மானித்தாக வேண்டும். பிரகாசமும் கம்யூனிஸ்டுகளும் இன்னும் அதிகப் பள்ளிகளைத் திறந்திருக்கவும் கூடும். அதையும் அவன்தான் எழுதிப் பார்க்க வேண்டும்.