ரஜூலாவின் உழைப்பு

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அந்நாளில் அங்கிருந்து மலாயா போனவர்கள் அரியலூர் வந்து ரயிலேறி, திருச்சி, தஞ்சை வழியாக நாகப்பட்டினம் சேர்ந்தார்கள். அங்கிருந்து எஸ்.எஸ். ரஜூலா. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல் என்றாலும், அதன் எந்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு. ஒரே நீராவி சின்ன உருளையில் முழு அழுத்தத்தோடு உந்தும். நடு உருளையில் சற்றுத் தளர்ந்து உந்தும். பெரிய உருளையில் மிச்ச வலுவையும் கொடுத்துவிட்டு, குளிர்ந்து தண்ணீராகிக் கொதிகலனுக்கே திரும்பும். என்ன ஒரு சிக்கனம்!

நாகையில் ஆழம் போதவில்லை. கப்பல் கரையை அணையவில்லை. ஆளும் மூட்டையும் படகில் போய்த்தான் ஏற வேண்டியிருந்தது. சரக்கெல்லாம் அடியில். தளத்தில் பாய் விரித்த குடும்பங்கள். பினாங்கு வரை வெயிலும் உப்புக்காற்றும்தான். முதல் வகுப்பு அறைகளைப் பற்றி எனக்கு அக்கறையில்லை. ஆயிரக்கணக்கில் ஏறிய இந்த டெக் பயணிகளுக்காகவே அந்தக் கப்பல் ஓடியது. போர்க்காலத்தில் சிப்பாய்களைச் சுமந்தது. பிறகு பழைய வழிக்கே திரும்பியது. 1973-இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. மறு ஆண்டே உடைத்துவிட்டார்கள். அந்த எந்திரத்தையாவது நாகையில் நிறுத்தி வைத்திருக்கலாம்.